செதுக்கியவருக்குப் பெயர் உண்டு

தேர் வேலை செய்கிற சிற்பி ஒருவருக்கு அருங்காட்சியகத்தில் மீள்பார்வைக் கண்காட்சி வைக்க வேண்டும் என்ற பேச்சு தென்காசி, கடையம், அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் கொஞ்ச காலமாக உண்டு. அதை மறுத்து ஒரு கலை விமர்சகர் விரிவாக எழுதியிருக்கிறார். அவர் பெயரைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. இந்த வாதம் அவர் ஒருவருடையது அல்ல. சென்னைக் கலைக்கூடங்களிலும் கல்லூரி வராந்தாக்களிலும் பல வருஷமாகப் புழங்குகிற வாதம். மற்றவர்கள் வாய்ப்பேச்சாகச் சொல்லி நழுவிவிடுவதை இவர் எழுத்தில் வைத்துவிட்டார். எழுத்திலேயே பதில் சொல்லிவிடலாம்.

அவர் சொல்வது இது. மீள்பார்வைக் கண்காட்சி என்பது ஒரு கலைஞர் வாழ்நாள் முழுக்கச் செய்தவற்றைக் காலவரிசையில் வைத்து, அவருடைய பார்வை எப்படி மாறி வளர்ந்தது என்று காட்டுவது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2007இல் அமெரிக்கச் சிற்பி மார்ட்டின் பூரியருக்கு நடத்தியது அப்படிப்பட்டது. பூரியர் மரத்தில் வேலை செய்தாலும் மரபை உடைத்துத் தனக்கென்று ஒரு வழி கண்டவர். தேர் ஆசாரிக்கு அப்படி எதுவும் கிடையாது. சாஸ்திரம் சொன்ன அளவில், முப்பாட்டன் செதுக்கியதையே பேரனும் செதுக்குகிறான். பத்துப் பேர் கூடிச் செய்வதால் யாருடைய படைப்பு என்றும் சொல்ல முடியாது. அதுவும் போக, தேருக்கு உயிர் ரதவீதியில்; கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அது வெறும் விறகு. ஆசாரிக்குப் பூம்புகார் கடையும் கைவினை விருதும் இருக்கின்றன, அவை போதும்.

இதில் ஒரு வரிகூட நிற்காது.

பூரியரிலிருந்தே தொடங்குகிறேன், அவரைத்தானே ஆயுதமாகத் தூக்கியிருக்கிறார். பூரியர் 1941இல் வாஷிங்டனில் பிறந்தவர். இருபத்து மூன்று வயதில், 1964இல், அமெரிக்க அமைதிப் படையின் தொண்டராக மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார். இரண்டு வருஷம் அங்கே இருந்தார். அங்கிருந்த ஊர்த் தச்சர்கள் மின்கருவி எதுவும் இல்லாமல் மரத்தை அறுத்து இணைப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றார். பிறகு ஸ்டாக்ஹோம் போனபோது, மேசை நாற்காலி அலமாரி செய்கிற ஜேம்ஸ் கிரெனோவின் பட்டறையைத் தேடிப் போனார். இதையெல்லாம் அவர் மறைத்ததே இல்லை. பேட்டிகளில் அந்தத் தச்சர்களை மரியாதையோடு நினைவுகூர்கிறவர் அவர். 1996இல் அவர் செய்த ‘புக்கர் டி. வாஷிங்டனுக்கு ஓர் ஏணி’ என்ற சிற்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தாறு அடி நீளம். மரத்தின் இயல்பான வளைவை நேராக்காமல் அப்படியே விட்டு, கீழே ஏறத்தாழ இரண்டடி அகலத்தில் தொடங்கி மேலே ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகச் சுருங்கும்படி படி படியாகப் பொருத்தியிருக்கிறார். அந்தச் சிற்பத்தின் பொருள் எல்லாம் அந்த இணைப்பு வேலைக்குள்தான் இருக்கிறது. தச்சு தெரியாத ஒருவர் அதைக் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியாது. தச்சர்களிடம் கற்ற ஒருவரைக் காட்டித் தச்சர்களுக்கு அருங்காட்சியகத்தின் கதவைச் சாத்துவது பூரியரையே அவமதிப்பது.

நம் நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் லீலா முகர்ஜி இருக்கிறார். சாந்திநிகேதனில் படித்தவர், ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியின் மனைவி, மிருணாளினி முகர்ஜியின் தாய். இந்திய நவீனக் கலையில் மரச்சிற்பம் என்று பேச்செடுத்தால் சொல்லியே ஆகவேண்டிய பெயர். அவருக்கு மரம் செதுக்கக் கற்றுக்கொடுத்தவர் குலசுந்தர் சிலாகர்மி என்ற நேபாளத்துச் சிற்பி. பரம்பரையாகக் கோயிலுக்கும் விகாரைக்கும் செதுக்கிய குடியிலிருந்து வந்தவர். மாணவிக்குக் கலை வரலாற்றில் இடம் உண்டு, குருவுக்குக் கிடையாது என்றால், அந்த வரலாற்றை எழுதியவர்களின் பார்வையில் கோளாறு இருக்கிறது. நவீனச் சிற்பி பிரான்குஸியும் இப்படித்தான். ருமேனியக் கிராமத்தில் மரவீடுகளுக்கு நடுவே பிறந்து, கிராயோவா நகரத்துத் தொழிற்பள்ளியில் மரவேலை படித்து வந்தவர். அவருடைய வெண்கலப் பறவை 1926இல் அமெரிக்கா போனபோது, சுங்க அதிகாரிகள் அதைக் கலை என்று ஏற்காமல் சமையலறைச் சாமான் வகையில் சேர்த்து நாற்பது சதவீத வரி போட்டார்கள். வழக்கு நடந்தது. 1928இல் நீதிமன்றம் அது கலைதான் என்று தீர்ப்புச் சொன்னது. எது கலை, எது சாமான் என்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ரகம் பிரிக்கிற வேலையை அந்தச் சுங்க அதிகாரி செய்தார். நம் விமர்சகரும் அதே மேசைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்தது, ‘எல்லாம் ஒரே மாதிரி’ என்ற குற்றச்சாட்டு. இதைச் சொல்கிறவர்கள் தேரை வடத்தின் முனையிலிருந்து பார்த்தவர்கள். பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள். தென்காசிப் பக்கத்துத் தேர் ஒன்றில் ஒரு பலகையைச் சொல்கிறேன். இரண்டடி உயரம்கூட இருக்காது. பிட்சாடனர் உருவம். பாதக்குறடு போட்ட கால், பக்கத்தில் திருவோட்டைத் தலையில் சுமக்கிற குறும்பூதம், நீட்டிய விரல் நுனியில் புல்லுக்குத் தாவுகிற மான். இலக்கணம் இவ்வளவுதான் சொல்கிறது. மான் எப்படித் தாவ வேண்டும் என்று சொல்வதில்லை. கல்லிலோ வெண்கலத்திலோ மானின் முன்னங்கால்களை முன்னால் நீட்டிவிடலாம். மரத்தில் முடியாது. அந்தப் பலகையில் மரத்தின் ரேகை மேலிருந்து கீழாக ஓடுகிறது. ரேகைக்குக் குறுக்கே மெல்லிய காலை நீட்டினால், உளி எடுக்கும்போதே உடையும். அப்போது தப்பினாலும் தேர் குலுங்குகிற முதல் திருவிழாவில் போய்விடும். அந்தச் சிற்பி என்ன செய்திருக்கிறார்? மானை நிமிர்த்திவிட்டார். பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்கால் இரண்டையும் மார்போடு மடக்கி, கழுத்தை மட்டும் மேலே எக்குகிற மான். கால்கள் ரேகையோடு ரேகையாக ஓடுகின்றன, அதனால் உடையவில்லை. அந்த நிமிர்வினாலேயே மானுக்கு ஒரு கெஞ்சல் வந்துவிட்டது, பசித்த குழந்தை இடுப்பு உயரத்துக்கு எக்கி நிற்கிற தவிப்பு. தேரின் மறுபக்கத்தில் இன்னொருவர் செதுக்கிய பலகை இருக்கிறது. அதிலும் மான் உண்டு. அவர் கால்களை நீட்டியே வைத்து, பின்பலகையை விட்டுப் பிரிக்காமல் தட்டையாகப் புடைப்பில் நிறுத்திவிட்டார். பத்திரமான வேலை, சுத்தமான வேலை. ஆனால் அந்த மானுக்குப் பசி இல்லை.

ஒரே தேர், ஒரே இலக்கணம், ஒரே இலுப்பை மரம். இரண்டு மனசு. இதற்குப் பெயர் தனிப்பார்வை இல்லை என்றால் வேறு என்ன?

இன்னும் சொல்ல இருக்கிறது. தேரின் அடித்தட்டான பூதப்பாரில் இருக்கிற உருவங்கள் நம் முழங்கால் மட்டத்தில் இருப்பவை, நாம் குனிந்து பார்ப்பவை. அதற்கு மேலே சிற்ப அடுக்குகளான உருதளங்கள் ஒவ்வொன்றும் கீழுள்ளதைவிட வெளியே தள்ளி வரும். மேல்தட்டான தேவாசனத்தருகே வரும்போது உருவம் நம் தலைக்கு மேலே நிற்கும், நாம் நிமிர்ந்து பார்ப்போம். நவதாலம் என்ற சிற்ப அளவுமுறையில் முகம் இத்தனை, உடல் இத்தனை என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கை அப்படியே வைத்தால் மேலே இருக்கிற முகம் கீழே நிற்பவனுக்குத் தெரியாது, மோவாய்தான் தெரியும். தேர்ந்த சிற்பி முகத்தைச் சற்றுக் கவிழ்ப்பார், கண்ணிமையின் கீழ்விளிம்பை ஆழமாக எடுப்பார், கழுத்துக்குப் பின்னால் குடைந்து நிழல் விழ வைப்பார். எந்த அளவுக்கு என்பது அவரவர் கைக்குத் தெரிந்த ரகசியம். தேறாத கை குடையத் தெரியாமல் மேலாகக் கீறிவிட்டுப் போகும். ஆசாரிமாரே ஒரு பலகையைப் பார்த்ததும் இது இன்னார் கை என்று சொல்லிவிடுவார்கள். அவர்களுக்குத் தெரிகிற வேறுபாடு விமர்சகர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், பயிற்சி போதாதது யாருக்கு?

திரும்பச் செய்தல் என்பதைக் குறையாகச் சொல்கிறவர் ஒருமுறை பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வரட்டும். கடையத்திலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். முகப்பு மண்டபமான பூமுகத்தின் தேக்குக் கூரையை அண்ணாந்து பார்க்கட்டும். தொண்ணூறு பூக்கள், எல்லாம் ஒரே வட்டத்துக்குள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. எங்கள் வட்டாரம் அந்தக் கைக்கும் பாண்டிநாட்டுத் தேர் வேலைக்கும் நடுவே கிடக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து மரக்கூரை வேலையும் இந்தப் பக்கத்துத் தேர் வேலையும் இங்கே கலந்திருக்கின்றன. ஒரு சிற்பியின் ஐம்பது வருஷ வேலையை வரிசையாக வைத்தால் அந்தக் கலப்பு எங்கே நடந்தது, எந்த வயதில் எதை விட்டார், எதைப் புதிதாக எடுத்தார் என்று தெரிந்துவிடும். விமர்சகர் கேட்கிற ‘வளர்ச்சி’ அதுதான். வரிசையாக வைத்துப் பார்க்காமலேயே வளர்ச்சி இல்லை என்கிறார். பரீட்சை நடத்தாமல் தோற்றுவிட்டாய் என்பது எந்த ஊர் நியாயம்?

பத்துப் பேர் கூடிச் செய்வதால் ஆசிரியர் இல்லை என்கிற வாதத்துக்கு அதிக இடம் தேவையில்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் பளிங்குச் சிற்பங்களைக் கல்லில் இறக்கியவர்கள் அவருடைய பட்டறையில் கூலிக்கு இருந்த கல்தச்சர்கள். வெண்கலத்தை வார்த்தவர்கள் வார்ப்படக்காரர்கள். யாரும் ரோதானின் பெயரை எடுத்துவிடவில்லை. தேருக்கும் ஒரு தலைமை ஸ்தபதி உண்டு. வரைபடம் போடுகிறவர் அவர், மரம் பார்த்து எடுக்கிறவர் அவர், எந்தப் பலகை யார் கைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர் அவர், கடைசியில் முகத்தையும் கண்ணையும் தானே எடுக்கிறவரும் பெரும்பாலும் அவர்தான்.

உண்மையில் இந்த வாதத்துக்கு அடியில் இருப்பது வேறு ஒரு நம்பிக்கை. நம் சிற்பிகள் பெயர் வேண்டாம் என்று தாங்களே ஒதுங்கினார்கள், பெயரின்மை அவர்களுடைய தவம் என்கிற நம்பிக்கை. விமர்சகர் அதைப் புகழ்ச்சிபோலவே எழுதியிருக்கிறார். இது பொய். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியில் பாறைமேல் பல்லவர் காலத்து எழுத்தில் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், சாத்தமுக்கியன், கொல்லன் சேமகன் என்று வேலை செய்தவர்களின் பெயர்கள். ராஜராஜன் தஞ்சைக் கோயிலைக் கட்டிய பெருந்தச்சனைக் கல்வெட்டில் ஏற்றினான்; குஞ்சரமல்லன் என்ற பெயர் ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும் நமக்குத் தெரிகிறது. பெயர் சொல்ல ஆசைப்பட்டவர்கள்தாம் நம் தச்சர்கள். எழுதி வைக்க மறந்தவர்கள் பின்னால் வந்தவர்கள். குற்றாலத்துக்குக் குறவஞ்சி பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் பெயரும் தெரியும், அதற்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் கொடுத்த நிலத்தின் பெயரும் தெரியும், அது குறவஞ்சிமேடு. பாடியவருக்கு நிலம், செதுக்கியவருக்குக் கூலி. எங்கள் கடையத்தில் பாரதி 1918 கடைசியில் வந்து இரண்டு வருஷம் இருந்தார். அவர் நடந்த தெருவையும் உட்கார்ந்த இடத்தையும் இன்றைக்கும் காட்டுகிறோம், காட்டத்தான் வேண்டும். இதே ஊர்களில் ஐந்தாறு வருஷம் குடிசை போட்டுத் தங்கி, தேர்க்கூடத்து நிழலில் உட்கார்ந்து நூறு நூற்றைம்பது பலகைகளைச் செதுக்கிவிட்டுப் போனவர்களின் தெருவைக் காட்ட நம்மில் ஒருவருக்கும் தெரியாது.

இன்றைக்கும் நிலைமை மாறவில்லை. தமிழ்நாட்டின் பெரிய தேர்கள் பலவற்றுக்கு இரும்பு அச்சும் சக்கரமும் திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்தது. அதைப் பத்திரிகைகள் எழுதின, ஊரில் சின்னப் பையனுக்கும் தெரியும். நல்லது, தெரியட்டும். அச்சுக்கு மேலே இருக்கிற அத்தனை மரத்தையும் உயிராக்கியவர் யார் என்று அதே பையனிடம் கேளுங்கள். உபயதாரர் பெயர் பளிங்குக் கல்லில் இருக்கும். அடிக்கல் நாட்டியவர் பெயர் இருக்கும், வெள்ளோட்டத்துக்கு வந்தவர்கள் பெயர் இருக்கும். ஸ்தபதி பெயர் இருக்கிற கோயில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இப்போது விமர்சகருடைய மிகக் கவர்ச்சியான வாதத்துக்கு வருகிறேன். தேர் ஓடினால்தான் தேர், அருங்காட்சியகத்துக்கு வந்தால் செத்துப்போகும் என்பது. கேட்கிறவர்கள் தலையாட்டிவிடுவார்கள், பக்தியும் மரபும் கலந்த பேச்சு அல்லவா. ஆனால் இதே விமர்சகரும் இவரைச் சேர்ந்தவர்களும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிற திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நின்று உருகி எழுதுவார்கள். அது பூசையிலிருந்த திருமேனிதானே? வெண்கலம் அருங்காட்சியகத்தில் கலையாகலாம், மரம் மட்டும் மழையில் நின்றுதான் கலையாக வேண்டுமா? அந்த நடராஜரை ரோதான் நேரில் பார்த்ததே இல்லை. சென்னையிலிருந்து போன புகைப்படங்களைப் பார்த்துத்தான் அதைப் பற்றி அவ்வளவு ஆழமாக எழுதினார். புகைப்படம் வழியாகவே அந்த உயிர் அவரை எட்டியது. அருங்காட்சியகத்தில் உயிர் போய்விடும் என்று சொல்வது பார்க்கிறவரின் சோம்பல்.

மேலும், மரம் கல் அல்ல. வைரம் பாய்ந்த இலுப்பைக்கும் வேங்கைக்கும் ஆயுசு அதிகம்தான், ஆனாலும் ஆயுசு உண்டு. திருவாரூர் ஆழித்தேரே ஒருமுறை எரிந்து, மறுபடி செய்யப்பட்டது. வெயிலில் காய்ந்து, ஐப்பசி மழையில் ஊறி, மறுபடி காய்ந்து, மையத்திலிருந்து வெடிப்பு விடும். கரையான் ஏறும். பிறகு யாரோ நல்ல எண்ணத்தில் எனாமல் பெயிண்ட் அடிப்பார்கள், அதோடு உளி போன தடம் எல்லாம் மூடிப்போகும். புதுத் தேர் செய்யும்போது பழைய தேரைப் பிரிப்பார்கள். பிரித்த பலகைகள் எங்கே போகின்றன? ஒரு கோயிலின் பின்மதில் ஓரத்தில், தகரக் கொட்டகைக்கு வெளியே, அடுக்கி வைத்திருந்த தேர்ப் பலகைகளை நான் பார்த்திருக்கிறேன். யாளியின் தாடைக்குள் எறும்புப் புற்று. ஒரு மல்லனின் தோள்வரை மண் ஏறியிருந்தது. மேலாகக் கிடந்த பலகையில் சிலம்பம் ஆடுகிற இரண்டு பேர். கம்பு முறிந்துபோய், ஓங்கிய கைகள் மட்டும் நின்றன. ரதவீதியில் உயிர் இருக்கிறது என்று எழுதுகிறவர் மதிலோரத்தையும் பார்க்க வேண்டும். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தேர்ப் பலகைகள் விலைக்கு நிற்கின்றன. அங்கேயிருந்து யாருடைய வரவேற்பறைக்கோ, எந்த நட்சத்திர விடுதியின் சுவருக்கோ போகின்றன. ஊர் இல்லாமல், வருஷம் இல்லாமல், பெயர் இல்லாமல். தேர்ச் சிற்பம் கோயிலை விட்டு வெளியேறித்தான் கொண்டிருக்கிறது. அருங்காட்சியகத்துக்குப் போகக் கூடாது என்று தடுக்கிறவர்கள் அதை நேராகச் சந்தைக்கு அனுப்புகிறார்கள்.

ஓடுகிற தேரைப் பிடுங்கிக் கொண்டுவா என்று யாரும் கேட்கவில்லை. பிரித்த தேர்களின் பலகைகள் இருக்கின்றன. ரிஷபம், யாளி, காமதேனு, கைலாச பர்வதம் என்று சிற்பி செய்த வாகனங்கள் இருக்கின்றன. திருவிழா இல்லாத மாதங்களில் அவை வாகன மண்டபத்து இருட்டில்தான் கிடக்கின்றன, இரவல் கேட்டால் கிடைக்காதவை அல்ல. தேர் வரைபடங்கள், பலகைமேல் கரியில் போட்ட கோடுகள், அரைகுறையாக நின்றுபோன உருவங்கள், தேய்ந்த உளிகள், கைப்பிடிப் பள்ளம் விழுந்த கொட்டாப்புளி எல்லாம் உண்டு. ஓடுகிற தேருக்கு நல்ல புகைப்படமும் படக்காட்சியும் போதும். 1992இல் லண்டன் வைட்சேப்பல் கலைக்கூடம் தென்னிந்திய மரச்சிற்ப மரபுகளுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியது. ஜார்ஜ் மிஷெல் தொகுத்த நூலும் கூடவே வந்தது. வைட்சேப்பல் நவீனக் கலைக்குப் பேர்போன இடம். பிக்காசோவின் ‘கெர்னிகா’ 1939இல் வந்து நின்ற சுவர் அது. லண்டனில் அன்றைக்கே இடம் கிடைத்த மரத்துக்குப் பாளையங்கோட்டை அருங்காட்சியகத்தில் இடம் இல்லை என்று தமிழில் எழுதுகிறார் ஒருவர்.

பூம்புகார் போதும் என்கிறாரே, அதையும் பார்ப்போம். பூம்புகாரை நடத்துகிற தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 1973இல் வந்தது. பூம்புகார் விற்பனை நிலையம். பல குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது, அதில் குறைசொல்ல எதுவும் இல்லை. ஆனால் அங்கே சிற்பம் விலைச்சீட்டோடு நிற்கிறது, சிற்பி நிற்பதில்லை. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றும், ஆளின் பெயரைக் காப்பாற்றாது. அதன் வேலையே அதுதான். விற்பதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது, ஆகவே மதிப்பிடுவதற்கு ஏற்பாடு தேவையில்லை என்பது ஒருவகைக் கொடுமை. கவிஞருக்குப் புத்தகக்கடை இருக்கிறது, விமர்சனம் எதற்கு என்று இவரிடம் கேட்டால் ஒப்புக்கொள்வாரா? இவர் தொழிலே போய்விடுமே.

கலை ஒரு பக்கம், கைவினை ஒரு பக்கம் என்கிற இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. 1850இல் சென்னையில் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். அரசு அதை எடுத்துக்கொண்டபோது தொழிற்கலைப் பள்ளி என்றுதான் பெயர். நம் கைகள் பொருள் செய்யும், அவர்களுடைய கைகள் கலை செய்யும் என்பது அன்றைய ஆட்சியின் கணக்கு. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்த பிறகு ஓவியமும் சிற்பமும் அங்கே தலைநிமிர்ந்தன. ஆனால் பழைய கோடு அழியவில்லை, இடம் மட்டும் மாறியது. வெள்ளைக்காரருக்கும் நமக்கும் நடுவே இருந்த கோடு கல்லூரியில் படித்தவருக்கும் ஆசாரிக்கும் நடுவே வந்து விழுந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு சாதிக்கோடு இருந்தது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துகொண்டன. இதைச் சொல்லாமல் கலையையும் கைவினையையும் பற்றித் தமிழில் எழுதுவது பாதி உண்மையை எழுதுவது. விமர்சகர் கட்டுரையில் சாதி என்ற சொல்லே இல்லை.

அதே கல்லூரியில் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உண்டாக்கினார்கள். ஓவியம் விற்காத அந்த நாட்களில் பத்திக் துணியும் மற்றக் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். நிலம் வாங்கவும் அடுப்பு எரியவும் அந்தப் பணம்தான் உதவியது. தமிழ்நாட்டு நவீனக் கலையே கைவினை போட்ட சோற்றில் வளர்ந்தது. போபாலில் ஜே. சுவாமிநாதன் 1982இல் பாரத் பவனின் ரூபங்கர் அருங்காட்சியகத்தை அமைத்தபோது, ஆதிவாசிக் கலைஞர்களின் படைப்பையும் நகரத்து ஓவியர்களின் படைப்பையும் ஒரே கூரையின்கீழ் சமமாக வைத்தார். கோண்டு இளைஞர் ஜன்கர் சிங் ஷ்யாம் அங்கேதான் பெயரோடு உலகத்துக்கு வந்தார். 1989இல் பாரிஸ் பொம்பிடூ மையத்துக் கண்காட்சியில் அவர் படைப்பு இருந்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் மத்தியப் பிரதேசம் முடித்துவிட்ட விவாதத்தை நாம் இன்னும் தொடங்கவே கூடாது என்கிறார் நம்மவர்.

மாமல்லபுரம் அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி 1957இலிருந்து இருக்கிறது. மரச்சிற்பம் அங்கே பாடம். அரசு பட்டம் கொடுக்கிறது, வேலை வாங்குகிறது, தேர் செய்யச் சொல்லி ஒப்பந்தம் போடுகிறது. படைப்பை ஒருங்கே வைத்துப் பார்க்க மட்டும் இடம் தருவதில்லை. ஆதிச்சநல்லூரிலும் சிவகளையிலும் கொற்கையிலும் எடுத்தவற்றுக்காக நெல்லையில் பொருநை அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது. மண்ணுக்கு அடியில் இருந்தவர்களுக்கு மரியாதை செய்யத் தெரிந்த மாவட்டம்தான் இது. மண்ணுக்கு மேலே உளியோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஏன் முடியாது?

கேட்பது பெரிதில்லை. பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம் முதல் கண்காட்சியை நடத்தட்டும். ஒரு சிற்பி, ஒரே ஒருவர், அவருடைய முதல் பலகையிலிருந்து கடைசிப் பலகைவரை. ஒவ்வொன்றின் கீழும் அவர் பெயர், வருஷம், மரம், எந்தத் தேர் என்ற விவரம். கூட இருந்து செய்தவர்களின் பெயரும் இருக்கட்டும். அறநிலையத் துறை புதிதாகச் செய்கிற ஒவ்வொரு தேரிலும் பூதப்பாரின் ஒரு மூலையில் ஸ்தபதியின் பெயரை அவர் உளியாலேயே வெட்டச் சொல்லட்டும். பிரித்த பலகைகளைப் படம் எடுத்துப் பதிவேட்டில் ஏற்றாமல் எந்தக் கோயிலும் அப்புறப்படுத்தக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போடட்டும். இதற்கெல்லாம் புதுச் சட்டம் தேவையில்லை, மனம் இருந்தால் போதும்.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வருஷம் உங்கள் ஊர்த் தேர் நிலைக்கு வந்து நின்றதும், வடத்தைப் போட்டுவிட்டு உடனே வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். கோயில் அலுவலகத்துக்குப் போய், இந்தத் தேரைச் செதுக்கியவர் யார், எந்த ஊர், இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். தெரியாது என்றால், விசாரித்துச் சொல்லச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.